கடைசி பஸ்ஸும் அஞ்சரையும்

முதல் நாள் விளக்குகள் அணைந்தபோது கரண்ட் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "எதிர்க் கட்டடத்துல எரியுதே" என்றார். அப்போதுதான் சுவரோரம், ஸ்விட்ச் பலகைமேல் கை வைத்தபடி புது டைரக்டர் நிற்பது தெரிந்தது. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த வாரம்தான் வந்து சேர்ந்த, ஒல்லியான, உயரமான அம்மாள். தோளில் பை ஏறியிருந்தது.

"அஞ்சரை ஆச்சு. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை அங்கேயே நின்றார்.

கடைசி ஆள் வழக்கம்போல் கடைசி பஸ்தான்.

லிப்ட்டுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் அவர் கடைசி பஸ். என்றைக்கும் கடைசி பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார். மற்றவர்கள் கிண்டலாக வைத்த பெயர்தான். அவருக்கு அது ஒரு பதக்கம் மாதிரி.

இந்தப் பழக்கம் அவருக்கு இங்கே வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னால், கம்பெனி அவரை ஒரு வருடப் பயிற்சிக்கு வேறொரு நாட்டுக்கு அனுப்பியிருந்தது. அங்கே மேலாளர் எழுந்திருக்காமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படியும் ஒருவர் கிளம்ப நேர்ந்தால், உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மேஜையாகத் தலை குனிந்துவிட்டுப் போவார். மேஜையில் தலை கவிழ்ந்து தூங்குபவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். பாவம், அத்தனை உழைப்பு என்று செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள். ஒரு நாள் அங்கிருந்த மேலாளர் போகிற போக்கில் இவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அந்தத் தட்டலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் ஓட்டினார் என்று சொல்லலாம்.

புது டைரக்டர் வந்த நாடு நேர்மாறு. அங்கே மாலையில் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், பாவம், இவருக்கு வேலை வராது போல என்று நினைப்பார்களாம். வேலை நேரம் முடிந்தபின் அனுப்பும் மெயில் மறுநாள் காலையில்தான் போய்ச் சேருமாம். இதையெல்லாம் அந்த அம்மாளே முதல் கூட்டத்தில் சொன்னார். கூடவே, வேலை நேரத்தில் அரட்டை கூடாது, போன் இழுப்பறைக்குள், டீ மேஜைக்கே வரும் என்றும் சொன்னார். ஒரே வாரத்தில் அவருக்கு அஞ்சரை என்று பெயர் விழுந்துவிட்டது.

வேலை குறைந்ததா என்றால், ஒரு வரைபடம்கூடக் குறையவில்லை. முன்பு கதை பேசி, டீ குடித்து, மாடிப்படியில் நின்று ஊர்வம்பு அளந்து, ராத்திரிவரை இழுத்து முடித்த அதே வேலையை இப்போது மூச்சுவிடாமல் முடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் மெதுவாகப் பேசுபவர், பட்டப்பெயர் சைலன்சர். அவர் ஒரு நாள் உதட்டை அசைக்காமல், "முன்னாடி ஆபீஸ்ல வாழ்ந்தோம். இப்ப வேலை மட்டும் பார்க்கிறோம்" என்றார்.

விளக்கு அணைந்த அந்த முதல் நாள், கடைசி பஸ் வெயில் இருக்கும்போதே தெருவுக்கு வந்தார். கண் கூசியது. பழக்கமில்லாத கூட்டம், பழக்கமில்லாத பஸ். ஏதோ திருட்டு வேலை செய்துவிட்டு வந்தவர் போல வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வீட்டுக் கதவைத் தன் சாவியால் திறந்தார்.

ஹாலில் சோபாவைக் காணவில்லை. தரை முழுக்கப் பாய்கள். ஐந்தாறு பெண்கள் வரிசையாகப் படுத்து ஒற்றைக் காலை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீறிட்டார். தூக்கிய கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன.

"என்னங்க, போன் பண்ணிட்டு வரக்கூடாதா?" என்றாள் நடுவில் நின்ற மனைவி.

தன் வீட்டுக்கு வரப் போன் செய்ய வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. வெளியே, மாடிப்படியில், வகுப்பு முடியும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சாயங்காலம் அக்கம்பக்கத்தில் முட்டிவலி, இடுப்புவலி என்று சிலர் வீட்டுக்கு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வரும் நேரத்துக்கு சோபா பழைய இடத்தில் இருக்கும், தட்டு மேஜைமேல் மூடியிருக்கும், மகளின் அறைக் கதவு சாத்தியிருக்கும். அந்த நேரத்துக்கு முன்னால் வீடு எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை. கால் தானாக ஆடியது. டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார். மறுநாள் காலை சர்க்கரை எங்கே என்று மனைவி தேடிய தேடலில் ஆஸ்பத்திரி பஸ்ஸைத் தவறவிட்டாள். மகளின் கதவு வரை போய், தட்டக் கையைத் தூக்கிவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

வார முடிவில் மனைவியிடம், "பழையபடி லேட்டாகும் போலிருக்கு. கிளையன்ட் நெருக்கறான்" என்றார்.

"அப்பாடா" என்றாள் அவள், யோசிக்காமல். பிறகு, "பாவம் நீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பேக்கரியின் மூலை மேஜை அவருடைய இரண்டாவது ஆபீஸ் ஆனது. வரைபடங்களை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு டீ, ஒரு பன், லேப்டாப். சுற்றிலும் சத்தம், ஆனாலும் விரல் மவுஸைத் தொட்டதும் ஆடும் கால் அடங்கிவிடும். சைலன்சர் இரண்டு நாள் கூட வந்து பார்த்துவிட்டு, "எனக்குப் பன் ஒத்துக்கல" என்று நின்றுவிட்டார். பழைய பயிற்சி நாட்டில் ஒரு பெரிய கிளையன்ட் கம்பெனி இருந்தது. அவர்களிடமிருந்து எந்த நேரத்தில் மெயில் வந்தாலும் இவர் உடனே பதில் போட்டார். "உங்கள் ஈடுபாடு எங்களை நெகிழ வைக்கிறது" என்று ஒரு பதில் வந்தது. அதை டீ ஆறும்வரை திரும்பத் திரும்பப் படித்தார்.

ஒரு மாலை அவசர மெயில். லிப்ட் ஓடும் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டில் ஓட்டைகளின் இடைவெளியை மாற்ற வேண்டும். அன்றைக்கே வேண்டும். பென் டிரைவில் இருந்த வரைபடம் சில நாள் பழையது. அதற்குள் ஆபீஸ் பிரதியில் சைலன்சர் தகட்டின் கனத்தைக் கூட்டியிருந்தார். அது கடைசி பஸ்ஸுக்கும் தெரியும். மாற்றத்தை இங்கே போட்டு வைத்துவிட்டு, காலையில் ஆபீஸ் பிரதியோடு ஒப்பிட்டு அனுப்பலாம் என்றுதான் ஆரம்பித்தார். முடிக்கும் நேரத்தில் எதிர் நாற்காலி இழுபட்டது.

மனைவி. வீட்டில் போடும் செருப்போடு வந்திருந்தாள்.

"ஒரு டீ" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இவரைப் பார்த்தாள். "முட்டிவலிக்கு வர்ற அக்கா சொன்னாங்க, உங்க வீட்டுக்காரர தினமும் பேக்கரியில பார்க்கிறேனேன்னு. இருக்காதுங்க, அவரு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டிருக்காருன்னு அடிச்சுச் சொன்னேன். எல்லாரும் என்னைப் பாவமா பார்த்தாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வேலைதான் பார்க்கிறேன். வேணும்னா பாரு" என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"வேற எதுனாச்சும்னாகூடப் புரிஞ்சுக்கலாம். பேக்கரியில உக்காந்து வேலை பார்க்கிற ஆளை நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"ஹால் பூரா உன் பேஷண்ட்ஸ். நான் எங்க உக்கார்றது?"

"கிச்சன் இல்லையா? மாடி இல்லையா? பொண்ணு ரூம் இல்லையா?"

"அவ கதவ சாத்தியிருக்கா."

"தட்டிப் பார்த்தீங்களா?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். டீ வந்தது. அவள் தொடவில்லை.

"இத்தனை வருஷமா ஆபீஸ்தான் உங்களை விட மாட்டேங்குதுன்னு நினைச்சேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "அந்த ஆபீஸத் திட்டித் திட்டியே மனசை ஆத்திக்குவேன். இப்ப யாரைத் திட்டறது?"

எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே ஓட வேண்டும் என்று தோன்றியது. லேப்டாப்பை மூடும் அவசரத்தில், முடித்துவிட்டுப் போய்விடலாம் என்ற பழைய புத்தி முந்திக்கொள்ள, அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டார். தெருவில் இறங்கிப் பார்த்தபோது அவளைக் காணவில்லை.

அன்றிரவு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. காலையில் அவர் கிளம்பும்போது மகள் மட்டும், "அப்பா, இன்னிக்கு ஆபீஸா, பேக்கரியா?" என்று கேட்டாள். ஜோக்காகத்தான் கேட்டாள், ஆனால் சிரிக்கவில்லை.

வரைபடத்தை ஒப்பிடும் ஞாபகம் அவருக்கு மத்தியானம்தான் வந்தது. கிளையன்ட்டின் ஆட்கள் விடிய விடிய வேலை பார்ப்பவர்கள் ஆயிற்றே. வரைபடம் கிடைத்த கையோடு பட்டறைக்குப் போய், தகடுகள் வெட்டி ஓட்டையும் போட்டாகிவிட்டது. எல்லாம் பழைய கனம். ஒரு கட்டடத்துக்கு வேண்டிய அத்தனை பிராக்கெட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான். யாருக்கும் அடிபடவில்லை, லிப்ட் எதுவும் விழவில்லை. ஆனால் கிளையன்ட்டின் மெயிலில் நெகிழ்ச்சி எதுவும் இல்லை.

அஞ்சரை அவரைத் தன் அறைக்கு அழைத்தார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் ஆளுக்கொரு ஊர் ஆங்கிலம்.

"இது ஆபீஸ்ல இருந்து போகல. எங்க இருந்து அனுப்பினீங்க?"

"ஒரு பேக்கரியில இருந்து."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தப்பு எல்லாருக்கும் வரும். இதை என் கண்ணெதிர்ல பண்ணியிருந்தா நான் கோபப்பட மாட்டேன். யாரு உங்களை அங்க உக்காந்து வேலை பார்க்கச் சொன்னது?"

கடைசி பஸ் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காத தலை. மனைவி தொடாமல் விட்டுப்போன டீ இன்னும் கண்முன் நின்றது. ஏதோ உடைந்துவிட்டது.

"வேலைதான் சொல்லுச்சு, மேடம். நீங்க விளக்கை அணைச்சீங்க. வேலையை அணைச்சீங்களா? உங்க ஊர்ல இதே வேலைக்கு எத்தனை பேர்? எங்கள்ல ஒருத்தர் செய்யறதை அங்க மூணு பேர் செய்யறாங்க. அப்புறம் அஞ்சரைக்கு எந்திரிச்சுப் போக என்ன கஷ்டம்? நாங்க வீட்டுக்குப் போனா வேலையும் எங்க பின்னாடியே வருது. என்னை விடுங்க, நான் பழகினவன். மத்தவங்க எல்லாம் காலையில பஸ்ல வரும்போதே போன்ல மெயில் பார்க்கிறாங்க. அது உங்க கணக்குல வராது."

இத்தனை நீளமாக அவர் எந்த மேலாளரிடமும் பேசியதில்லை. இதோடு வேலை போச்சு என்றே நினைத்தார்.

அஞ்சரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆள் வேணும்னு வந்த அன்னிக்கே கேட்டேன்" என்றார். "முதல்ல நேரத்தைக் குறைச்சுக் காட்டு, ஆளைப் பத்தி அப்புறம் பேசலாம்னு சொன்னாங்க. என் கையில இருந்தது அந்த ஸ்விட்ச் ஒண்ணுதான்."

பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னார்: "ஆறு மணிக்கு நான் எங்க போறேன்னு நினைக்கிறீங்க? எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது. ஃபிளாட்டுக்குப் போய், கோட்டைக் கழட்டாம கட்டில்ல உக்காந்திருப்பேன். எங்க ஊர்ல தோட்டம் இருக்கு, கோரஸ் பாட ஆள் இருக்கு, சண்டை போட வீட்டுக்காரர் இருக்கார். சாயங்காலம்னு ஒண்ணு அங்க இருக்கு."

சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது போல. முகம் பழையபடி ஆனது. ஒரு வாரம் கடைசி பஸ் வேலைக்கு வரக்கூடாது, லேப்டாப்பை வைத்துவிட்டுப் போக வேண்டும், இந்த வருட ஊதிய உயர்வு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். கதவுவரை போனவரை மறுபடி கூப்பிட்டார்.

"தலைமை ஆபீஸோட ஒரு கூட்டம் வைக்கிறேன். இப்ப என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்வீங்களா?"

"இப்படியேவா, மேடம்?"

"இதே கோபத்தோட."

அந்த ஒரு வாரம் அவருக்கு ஒரு யுகம். காலையில் மனைவியும் மகளும் கிளம்பிப் போனதும் வீடு ஆளை விழுங்க வந்தது. வராத மெயிலுக்காகப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். தெருமுனைவரை போய், போன காரியம் என்னவென்று தெரியாமல் திரும்பினார். மூன்றாம் நாள் மாலை, பாய்களும் பெண்களும் வருவதற்கு முன், மகளின் கதவைத் தட்டினார்.

"என்னப்பா வேணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மாவா?" மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவள் கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் படித்தாள். இவர் சுவரைப் பார்த்தார். கால் ஆட ஆரம்பித்தது. "அப்பா, கட்டில் ஆடுது" என்றாள். நிறுத்தினார். மறுபடி ஆடியது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தலையணையை எடுத்து அவர் முட்டிமேல் வைத்து, அதன்மேல் தன் தடிப் புத்தகத்தைப் பாரமாக வைத்தாள்.

மனைவி அவ்வளவு சுலபத்தில் இறங்கி வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வாரக் கடைசியில் ஒருநாள் அவளே வந்து, "முட்டிக்கு அடியில வைக்கிற தலைகாணியைப் பிடிக்க ஆள் இல்ல, வாங்க" என்று ஹாலுக்குக் கூப்பிட்டாள். பெண்கள் இவரைப் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்தார்கள். முட்டிவலிக்கார அக்கா, "பேக்கரியில லீவா தம்பி?" என்றார். ஹால் குலுங்கிச் சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அன்றைக்குத்தான் கவனித்தார்: காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் நின்றே வேலை பார்த்தவள், இந்தக் கூட்டத்தின் நடுவில் களைப்பே தெரியாமல் ஒருவர் கதையை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மறுபடி வேலைக்குப் போன வாரம் கூட்டம். தலைமை அலுவலகத்தில் அப்போதுதான் வேலை தொடங்கும் என்பதால், நேரம் இங்கே மாலை ஆறு மணி என்று குறிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்த சைலன்சர், "வேலை நேரத்தைப் பத்தின கூட்டம், வேலை நேரம் முடிஞ்சப்புறம்" என்று முணுமுணுத்தார். அவர் சொல்லித்தான் அதில் இருந்த வேடிக்கை கடைசி பஸ்ஸுக்கு உறைத்தது.

திரையில் நான்கு முகங்கள். குளித்து முடித்த பளபளப்பு. அஞ்சரை அறிமுகம் செய்துவிட்டு இவர் பக்கம் கையைக் காட்டினார். ராத்திரி எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தது மறந்தே போனது.

"உங்க காலை ஒன்பது மணி எங்களோட சாயங்காலம்" என்று ஆரம்பித்தார். "இந்தக் கூட்டத்தை எங்க மத்தியானத்துல வச்சிருக்கலாம். அப்படின்னா நீங்க சீக்கிரம் எந்திரிக்கணும். அது உங்க வேலை நேரம் இல்ல. இதுவும் எங்க வேலை நேரம் இல்ல. ரெண்டு நேரத்துல எதை எடுத்துக்கலாம்னு யாரு முடிவு பண்ணாங்க?"

நான்கு முகங்களும் அசையவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பயந்தார். பிறகு ஒருவர் தொண்டையைக் கனைத்து, இதை யாரும் யோசிக்கவில்லை என்றார். "நாங்க யோசிச்சோம், சொல்லல" என்றார் இவர். அதற்குப் பிறகு எல்லாம் வந்தது: வரைபடங்கள், ஆட்கள், பேக்கரி, பழைய இரும்பு. கோபம் நடுவில் எங்கோ தீர்ந்துபோனது.

மூன்று ஆட்கள் வேண்டும் என்று கேட்டார்கள்; ஓர் ஆள் கிடைத்தார். கூட்டங்கள் இங்கே பிற்பகலுக்கு மாறின. அங்கிருப்பவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெரிய கிளையன்ட், உடனுக்குடன் பதில் வராத கம்பெனி வேண்டாம் என்று பாதி வேலையை வேறிடத்துக்குக் கொடுத்துவிட்டது. அதில் வேலை குறைந்ததுதான் ஆள் கிடைத்ததைவிடப் பெரிய நிம்மதி என்று சைலன்சர் சொன்னார். கடைசி பஸ்ஸுக்கு மட்டும் அது பல நாள் உறுத்தியது. இந்த வருட முடிவில் அஞ்சரை ஊருக்குத் திரும்பப் போவதாகப் பேச்சு. அடுத்து வருபவர் எந்த நாட்டுக்காரர், விளக்கை எரிய விடுபவரா அணைப்பவரா என்று இப்போதே பந்தயம் நடக்கிறது.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அலைச்சல் அதிகம் என்று மனைவி சாயங்கால வகுப்பை ரத்து செய்தாள். பாய்கள் சுருட்டியபடி மூலையில் நின்றன. சோபா தன் இடத்தில். மூன்று பேரும் ஹாலில். டிவியைப் போட்டார்கள், நிறுத்தினார்கள்.

"நீ ஒரு நாளாவது சும்மா இருக்கலாமே. ஆஸ்பத்திரியும் பார்த்து, இதையும் பார்த்து..." என்று அவர் இழுத்தார்.

"இருக்கேனே, இப்ப" என்றாள் மனைவி. "எப்படி இருக்கு தெரியுமா? கையை எங்க வைக்கறதுன்னு தெரியல. அவங்க எல்லாம் வந்து கத்திக்கிட்டுக் கிடந்தாத்தான் எனக்குப் பொழுது சாயும். நீங்க இல்லாத சாயங்காலத்துக்கு நான் கண்டுபிடிச்ச வைத்தியம் அது. இப்ப நீங்க வந்துட்டீங்கன்னு அதை விட்டுட முடியுமா?"

"விடச் சொல்லல."

"சொல்லாதீங்க."

அவர் கால் ஆடியது. அவள் வளையல் இல்லாத மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வாங்களேன். நான் படிக்கணும். இப்படி உக்காந்திருக்கறதப் பார்த்தா டாக்டர் ரூம் வாசல்ல இருக்கற மாதிரி இருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் நின்றபடி, எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். நீங்களே சொல்லுங்க என்றாள் அவள். பார்க் பக்கம் என்றார். அது போன வருஷமே கட்டடமாயிடுச்சு என்றாள். அப்படியா என்று அவர் நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை; எதிர்ப்பக்கம் வேகமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். அவர் நடையைக் கூட்டிப் பின்னாலேயே போனார்.